100 கி.மீ-க்கு மேல் அகலமுள்ள ராட்சத வால்மீன்: 2031-ல் எங்கே வரும்? பாதையைக் கணிப்பது எப்படி?

நமக்குத் தெரிந்த மிகப்பெரிய வால்மீன்களில் ஒன்று இப்போது சூரியனை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பெயர், பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன். இதன் கரு மட்டுமே 100 கி.மீ-க்கு மேல் அகலம் என்கிறது ஹப்பிள் டெலஸ்கோப்பின் அளவீடு.

பூமிக்கு ஆபத்தா?

இல்லை. 2031 ஜனவரியில் சூரியனுக்கு மிக அருகில் வரும்போதும் சுமார் 164 கோடி கி.மீ தள்ளியே இருக்கும். அது சனி கிரகத்தின் பாதைக்கும் வெளியே.

இவ்வளவு உறுதியாகச் சொல்வது எப்படி?

சிலியில் உள்ள பிளாங்கோ டெலஸ்கோப், 'டார்க் எனர்ஜி சர்வே' ஆய்வுக்காக எடுத்த சுமார் 80,000 படங்களில்தான் இந்த வால்மீன் சிக்கியது. 2014 முதல் 2018 வரையிலான படங்களில் அது இருந்த இடங்களை இணைத்துப் பார்த்து, 2021 ஜூனில் அறிவித்தார்கள். 2014-ல் அது சூரியனிலிருந்து 400 கோடி கி.மீ-க்கும் அப்பால் இருந்தது.

என்ன சிக்கல்?

ஓடும் பஸ்ஸில் இருந்து பார்த்தால் சாலையோர மரங்கள் பின்னால் ஓடுவது போலத் தெரியும். ஓடுவது மரமல்ல, பஸ்தான். தொலைதூர வால்மீனும் அப்படித்தான். சில நாட்களில் அது நகர்வதாகத் தெரிவதில் பெரும்பகுதி, பூமி நகர்வதால் வருவது. அதனால் சில நாள் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், பல பாதைகள் ஒரே மாதிரி பொருந்திவிடும்.

எல்லாம் '1' என்ற எண்ணில்!

பாதையின் வடிவத்தைச் சொல்லும் எண்ணுக்கு மையத்தொலைத் தகவு என்று பெயர்.

* 1-க்குக் கீழே: நீள்வட்டம். வால்மீன் திரும்பி வரும்.
* சரியாக 1: பரவளையம்.
* 1-க்கு மேலே: அதிபரவளையம். போனால் போனதுதான்.

ஒரு பாதையைச் சொல்ல மொத்தம் 6 எண்கள் தேவை. புதிய வால்மீனுக்குத் தகவல் குறைவு என்பதால், முதலில் இந்தத் தகவை 1 என்றே வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது 5 எண்களைக் கண்டுபிடித்தால் போதும். படங்கள் சேரச் சேர, அந்த 1-ஐயும் திருத்துவார்கள். இந்த வால்மீனுக்குப் பல வருடப் பழைய படங்கள் கைவசம் இருந்ததால், காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. கிடைத்த விடை சுமார் 0.9995. அதாவது, மிக மிக நீண்ட நீள்வட்டம். வேறு நட்சத்திரத்திலிருந்து வந்த விருந்தாளி அல்ல, நம் சூரியக் குடும்பத்து ஆள்தான்.

கிரகங்களும் பாதையை மாற்றும்

1-க்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால், வியாழன், சனியின் சிறு இழுப்புகூட கணக்கை மாற்றிவிடும். 1980-ல் வியாழனுக்கு அருகே சென்ற போவெல் வால்மீனின் தகவு சுமார் 1.057 ஆக உயர்ந்தது. அது இனி திரும்பாது.

அதனால் கிரகங்களின் இழுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பழைய பாதையையும் வருங்காலப் பாதையையும் தனித்தனியாகக் கணிக்கிறார்கள். பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன் இதுவரை ஒரு சுற்றுக்கு சுமார் 30 லட்சம் ஆண்டுகள் எடுத்தது. இந்த முறை போனால், திரும்ப 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

வெறும் கண்ணால் பார்க்கலாமா?

முடியாது. 2031-லும் இதைப் பார்க்கப் பெரிய டெலஸ்கோப் தேவை. ஆனால் சூரிய வெப்பத்தில் வால்மீனிலிருந்து வெளியேறும் வாயு அதை லேசாகத் தள்ளக்கூடும் என்பதால், விஞ்ஞானிகள் அதுவரை தொடர்ந்து படமெடுத்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.