ஆளற்ற நிலமா?

1862-ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர். வடக்கும் தெற்கும் களத்திலே மோதி நின்ற காலம். உடன்பிறந்தானை உடன்பிறந்தானே சுட்டு வீழ்த்திய காலம். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், நியூயார்க் நகரத்தில், மாத்யூ பிராடி என்பாரின் படக்கூடத்தில் மக்கள் திரண்டனர். உள்ளே இருந்தவை, ஆண்டீட்டம் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படங்கள். வேலியோரத்திலே வரிசையாகப் பிணங்கள்! போர் என்றால் முரசொலி, கொடி, வெற்றி விழா என்றெண்ணி இருந்தோர், போர் என்றால் பிணம் என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டனர், கலங்கினர்.

இரண்டு திங்கள் கழிந்தன. டிசம்பரில், அதே நகரத்தில், கூபில் என்பாரின் கலைக்கூடத்தில் வேறொரு கண்காட்சி. அங்கும் படங்கள்தாம், ஆனால் பிணம் இல்லை, புகை இல்லை. வானைத் தொடும் கருங்கற் பாறைகள். பாறையினின்று பாய்ந்து வீழும் அருவிகள். ஆடியென அசைவற்றிருக்கும் ஆற்றுநீர். அந்நீரிலே தலைகீழாய்த் தெரியும் மலைமுகடுகள். கலிபோர்னியாவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கு! குருதி படிந்த நாட்டிலே குருதி படியாத ஓரிடமும் உண்டு போலும் என்று மக்கள் பெருமூச்சு விட்டனர்.

குருதி படியாத இடம்! படம் அப்படித்தான் சொல்லிற்று. படம் பொய் சொல்லாது என்பர். உண்மைதானா? அமெரிக்க மேற்குப் பகுதியின் மலையையும் மாவையும் ஊரையும் படம்பிடித்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அந்தப் பள்ளத்தாக்கின் படங்களை எடுத்தவர் கார்லட்டன் வாட்கின்ஸ். 1829-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, பொன் தேடிப் பல்லாயிரவர் கலிபோர்னியாவுக்கு ஓடிய நாளில் தாமும் அங்குச் சென்று, படக்கலையைத் தொழிலாகக் கொண்டவர். 1861-இல் அவர் யோசமிட்டிக்குப் புறப்பட்டபோது, பாதை என்று சொல்லத்தக்க பாதை இல்லை. கோவேறு கழுதைகள் மீது சுமையேற்றிச் சென்றார். என்ன சுமை? படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கும் வசதி பெரும்பாலும் இல்லாத காலம் அது. பெரிய படம் வேண்டுமெனில் பெரிய கண்ணாடித் தகடு வேண்டும்; பெரிய தகட்டுக்குப் பெரிய காமிரா வேண்டும். அவர் கொண்டு சென்ற தகடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 அங்குல நீளம், 18 அங்குல அகலம்!

இன்று விரலால் தொட்டதும் படம் விழுகிறது. அன்று? கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் எனும் பசைநீரைச் சீராகப் பூசவேண்டும். இருட்டுக் கூடாரத்தினுள் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தெடுக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் பொருத்திப் படமெடுக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் மீண்டும் கூடாரத்துக்கு ஓடி மருந்துநீரில் கழுவவேண்டும். காற்றிலே ஒரு தூசு பறந்து ஒட்டினால் பாழ். கழுதையின் கால் இடறினால் பாழ். அத்துணை இடர்களுக்கு நடுவே, முப்பது பெருந்தகடுகளை அவர் பழுதின்றிக் கொணர்ந்தார். உழைப்பை மதிப்போர் அந்த உழைப்பை மதிக்கத்தான் வேண்டும்.

பயன் விளைந்தது. கலிபோர்னியாவின் செனட்டர் ஜான் கானஸ் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். போர் ஓயாத நிலையிலும், 1864 ஜூன் 30-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் அதற்குக் கையொப்பமிட்டார். யோசமிட்டிப் பள்ளத்தாக்கும், மாரிப்போசாவின் மாமரத் தோப்பும், என்றென்றும் பொதுமக்களுக்கே உரியவையெனக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பள்ளத்தாக்கை நேரில் கண்டறியாத சட்டமன்றத்தார் பலருக்கு அதன் எழிலை உணர்த்தியதில் அந்தப் படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மன்னனின் வேட்டைக்காடாகவும் செல்வனின் சோலையாகவும் இருந்துவந்த எழிலிடத்தைப் பொதுமக்கள் சொத்தாக்கிய சட்டம் அது. போற்றுவோம், ஐயமில்லை.

ஆனால் எந்தப் பொதுமக்கள்?

வாட்கின்ஸ் காமிராவை நிறுத்துவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1851 மார்ச்சுத் திங்களில், மாரிப்போசாப் படை என்றதொரு வெள்ளையர் படை அதே பள்ளத்தாக்கில் நுழைந்தது. அங்கே வாழ்ந்தவர் ஆவானீச்சி மக்கள். செவ்விந்தியர் என்று வந்தேறியவர் பெயரிட்டனரே, அந்தப் பூர்வகுடிகளில் ஒரு குடியினர். அவர்தம் குடிசைகளுக்குத் தீயிட்டனர். குளிர்காலத்துக்கென அவர்கள் சேமித்து வைத்திருந்த கருவாலிக் கொட்டைகளுக்கும் தீயிட்டனர். ஏனெனில் வயிற்றை எரித்தால் ஊர் தானே காலியாகும் என்பது படையினருக்குத் தெரியும். தலைவர் டெனாயாவின் இளைய மகனைச் சுட்டுக் கொன்றனர். பின்னர், மலைமேலிருந்த ஏரியொன்றுக்கு டெனாயாவின் பெயரையே சூட்டி, அவரிடம் பெருமையோடு கூறினர். அவ்வேரிக்கு முன்பே பெயர் உண்டு என்றாராம் அவர். எத்தகைய மறுமொழி! ஊரை எடுத்துக்கொண்டவன் பேரைத் தந்து ஈடுகட்ட முயன்றான். இழந்தவரோ அந்த ஈட்டை ஏற்கவில்லை.

படத்திலே இவையெல்லாம் எங்கே? பசும்புல் வெளி தெரிகிறது. நடுவே கருவாலி மரங்கள் இடம்விட்டு நிற்பது தெரிகிறது. மனிதன் கைபடாத இயற்கை என்று கண்டோர் வியந்தனர். அந்தப் புல்வெளியும் கைபட்டதுதான்! காலந்தோறும் சிறு தீ மூட்டிப் புதரை ஒழித்து, கருவாலிக்கு வெயிலும் மானுக்குப் புல்லும் கிடைக்குமாறு அந்நிலத்தைப் பேணியவர்கள் ஆவானீச்சி மக்களே. அவர்களின் தீ நின்றபின் ஊசியிலை மரங்கள் வெளியை அடைத்துக்கொண்டன. தோட்டக்காரனை விரட்டிவிட்டுத் தோட்டத்தைக் கண்டு, ஆகா, தானே முளைத்த தோட்டம் என்று புகழ்ந்த கதை! எஞ்சியோர் பள்ளத்தாக்கின் ஒரு மூலையில் கூலிகளாய்க் காலம் தள்ளினர். 1969-இல் அவர்தம் கடைசிக் குடியிருப்பும் அகற்றப்பட்டது.

வாட்கின்சைக் கொடியவர் என்று கூறுவதற்கில்லை. அவரும் ஏமாற்றப்பட்டவர். 1870-களின் பொருளாதார நெருக்கடியில் அவர்தம் கூடம் கைமாறிற்று. அவர் எடுத்த படங்களை டேபர் என்பார் தம் பெயரிலே அச்சிட்டு விற்றார். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் நெருப்பும் சூறையாடியபோது, வாழ்நாள் உழைப்பனைத்தும் சாம்பலாயிற்று. கண்ணொளி குன்றிய முதியவர், மனநோய் மருத்துவமனையிலே 1916-இல் மறைந்தார். பிறரைப் படத்திலே காட்டாது விட்டவரின் பெயரும், படத்தினின்று அழிக்கப்பட்டது. வல்லார்க்கே வரலாறு என்னும் முறை ஒருமுறை நிலைத்துவிட்டால், அது எவரையும் விட்டுவைப்பதில்லை.

யோசமிட்டியில் தொடங்கியது யெல்லோஸ்டோனில் தொடர்ந்தது. 1871-இல் ஹேடன் என்ற நிலநூல் அறிஞரின் ஆய்வுக் குழுவோடு வில்லியம் ஹென்றி ஜாக்சன் சென்றார். கொதிநீர் ஊற்றுகளையும், பேரருவிகளையும் படமெடுத்தார். முன்பு வழிப்போக்கர் கூறியபோது கட்டுக்கதை என்று நகைக்கப்பட்டவை, இப்போது படமாக வந்து நின்றன. அப்படங்கள் காங்கிரசு உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872 மார்ச் முதல் நாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையொப்பமிட, இருபது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாயிற்று.

அங்கும் மக்கள் இருந்தனர். மலையாட்டின் கொம்பை வளைத்து வலிய வில் செய்யும் டுக்குடிக்கா மக்கள் அம்மலைகளிலே வாழ்ந்தனர். குரோ, பிளாக்பீட், பானக் முதலிய பல குடியினர்க்கு அது வேட்டைக்களமும் வழித்தடமும் ஆகும். பதினோராயிரம் ஆண்டுகளாக மனிதன் நடமாடிய மண் அது. ஆயினும், கொதிநீர் ஊற்றுகளைக் கண்டு அஞ்சிச் செவ்விந்தியர் அவ்விடம் வருவதே இல்லை என்றொரு கதை கட்டப்பட்டது. பூங்கா மேற்பார்வையாளராயிருந்த நாரிஸ் காலத்தில், அவர்களை வெளியேற்றும் வேலையும் நடந்தது. அஞ்சி வராதவரை வெளியேற்றுவானேன்? கதை கட்டியவர் எவரும் அதற்கு விடை கூறவில்லை.

ஜாக்சன் பூர்வகுடிகளைப் படமே எடுக்கவில்லையா? எடுத்தார்! எடுத்ததோடு, அத்தகைய படங்களுக்கு விரிவான பட்டியலொன்றை 1877-இல் வெளியிட்டார். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. நிலம் ஓர் ஏட்டிலே. மக்கள் வேறோர் ஏட்டிலே! இரண்டையும் ஒன்றாய் வைத்துப் பார்த்தால், இது யாருடைய நிலம் என்ற கேள்வி எழும். பிரித்து வைத்தால், நிலம் காட்சிப் பொருள்; மக்கள் ஆராய்ச்சிப் பொருள். கேள்வி எழாது.

அந்த மலைகளில் ஒன்றுக்குச் சூட்டிய பெயரைக் கேளுங்கள். கஸ்டாவஸ் டோன் என்ற படை அலுவலர், 1870 ஜனவரி 23-ஆம் நாள் மராயாஸ் ஆற்றங்கரையில் பிளாக்பீட் மக்களின் பாடிமீது நடந்த தாக்குதலில் முன்னின்றவர். மாண்டோர் குறைந்தது 173 பேர். பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் முதியோரும். அம்மை நோயால் வாடிக் கிடந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். அதே ஆண்டு யெல்லோஸ்டோனை ஆராயச் சென்ற குழுவுக்குக் காவற்படைத் தலைவரும் அவரே! அவர் பெயரால் அம்மலை டோன் மலையாயிற்று. 2022-இல்தான், பிளாக்பீட் முதலிய குடியினரின் நெடுநாள் முயற்சிக்குப் பின், அது முதற்குடிகள் மலை என மாற்றப்பட்டது. ஒரு பெயர்ப் பலகையைத் திருத்த ஒன்றரை நூற்றாண்டு!

மலையைப் படமெடுத்தோர் கதை இது. விலங்கைப் படமெடுத்த கதையிலும் இதே இழை ஓடுகிறது. ஜார்ஜ் ஷைராஸ் என்பார் மிச்சிகனில் இளமையில் மான் வேட்டையாடியவர். பின்னர்த் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை ஏந்தினார். இரவிலே படகின் முன்புறம் விளக்கேற்றி ஓசையின்றி மிதந்து செல்வார். ஒளி கண்டு திகைத்து நிற்கும் மானின் கண்கள் இருளில் மின்னும். உடனே மின்னல் போல் மருந்துப்பொடியை எரித்துப் படம் பிடிப்பார். இரவு விலங்கை உலகுக்குக் காட்டிய அப்படங்களில் 74, 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன. பின்னாளில் யெல்லோஸ்டோனில் அவர் கண்டு ஆராய்ந்த கடமான் இனம் அவர் பெயராலேயே ஷைராஸ் கடமான் என அழைக்கப்படுகிறது. நன்று. ஆனால் படகின் முனையிலே தீயேந்திச் சென்று மானை மயக்கும் முறை யாருடையது? ஓஜிப்வே எனும் பூர்வகுடியினர் வழிவழியாகக் கையாண்டு வந்த வேட்டை முறை! மானுக்குச் சூட்டப்பட்டது படமெடுத்தவர் பெயர். வழி காட்டியவர் பெயரோ எந்த மானுக்கும் இல்லை.

மலைக்கும் மாவுக்கும் இந்நிலை என்றால், ஊர்களை உண்டாக்கிய உழைப்பாளிக்கு? 1869 மே 10-ஆம் நாள், யூட்டாவின் பிரமாண்டரி மேட்டில், கிழக்கிலிருந்து வந்த இருப்புப் பாதையும் மேற்கிலிருந்து வந்த இருப்புப் பாதையும் இணைந்தன. இரண்டு எஞ்சின்கள் முகத்தோடு முகம் நிற்க, நடுவே பொறியாளர் இருவர் கைகுலுக்க, எஞ்சின்மேல் ஏறியோர் மதுப்புட்டியை நீட்ட, ஆண்ட்ரூ ரசல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பாதையால்தான் மேற்கிலே ஊர்கள் எழுந்தன, நகரங்கள் தழைத்தன. மேற்குப் பகுதிப் பாதையை அமைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். சியரா மலையின் கருங்கல்லை அங்குலம் அங்குலமாய்க் குடைந்தவர்கள், பனிச்சரிவிலே புதைந்தவர்கள், வெள்ளையரினும் குறைந்த கூலி பெற்றவர்கள், 1867-இல் சம கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள். அன்று எடுத்த வேறு படமொன்றில் அவர்களில் சிலர் தென்படுகின்றனர். புகழ்பெற்ற அந்தப் படத்தில்? உற்று நோக்கினும் காண்பது அரிது.

படத்தில் இடமில்லை, பிறகு ஊரிலும் இடமில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுத்துச் சட்டம் செய்தனர். 1885 செப்டம்பர் 2-ஆம் நாள், வையோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரிலே 28 சீனர் கொல்லப்பட்டனர், குடியிருப்பு எரிக்கப்பட்டது. இருப்புப் பாதை ஈன்ற ஊரிலே, இருப்புப் பாதை அமைத்த இனத்தவர்க்குக் கிடைத்த பரிசு!

இதைப் பள்ளிப் பருவத்திலேயே எண்ணி எண்ணி நொந்தவர் ஒருவர் உண்டு. கார்க்கி லீ, நியூயார்க்கிலே சலவைத் தொழில் செய்து பிழைத்த சீனக் குடும்பத்தில் பிறந்தவர். பாட நூலில் அந்த இருப்புப் பாதைப் படத்தைக் கண்டு, தம் இனத்தவர் முகம் ஒன்றேனும் தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தேடினார். இல்லை! வளர்ந்தபின் காமிராவையே தம் படைக்கலமாக்கினார். 2014 மே 10-ஆம் நாள், அதே பிரமாண்டரி மேட்டில், அந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்களையும் சீன வழியினர் பலரையும் திரட்டி, அதே எஞ்சின்களின் மாதிரிகள் முன் நிறுத்திப் படமெடுத்தார். 145 ஆண்டுகளுக்கு முன் விடுபட்டதை, அதே இடத்தில், அதே கருவி கொண்டு நிரப்பினார். 2021-இல் அவர் மறைந்தார். படம் நிலைத்து நிற்கிறது.

எனவே காமிராவைப் பழிப்பது பேதைமை. யோசமிட்டியைக் காத்ததும் அதுவே. ஆவானீச்சியரை மறைத்ததும் அதுவே. சீனத் தொழிலாளிக்குப் பின்னர் நீதி வழங்கியதும் அதுவே. அது திருப்பிய திசையைக் காட்டும். திருப்புகிறவன் மனத்தில் யார் இருக்கிறாரோ அவர்க்கே இடம் தரும். ஆளற்ற நிலம் என்று ஒரு படம் சொன்னால், சட்டம் அதை நம்புகிறது. சட்டம் நம்பியதைப் படை நிறைவேற்றுகிறது. படத்தின் ஓரம் என்பது வெறும் காகித ஓரமன்று. சில வேளைகளில் அது ஒரு மக்களினத்தின் வாழ்வுரிமைக்கு இட்ட வேலி.

எழில்மிகு மலையொன்றின் படம் இனி உங்கள் கைக்கு வரும்போது, கண்குளிரக் காணுங்கள், தவறில்லை. கண்டபின் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மலைக்கு முன்பிருந்த பெயர் என்ன? அப்பெயரால் இதனை அழைத்தவர்கள் இப்போது எங்கே?