சும்மா போகிற தூரம்

பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் போன வரலாறு என்று தமிழ்நாட்டில் தேடினால், முதலில் வந்து நிற்பது புதுக்கோட்டைதான். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவுப் பணிக்கு வந்த பெண்கள் பஸ் வராத ஊர்களுக்குப் போகவேண்டியிருந்தது. அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விடும்வரை காத்திருந்தால் வேலை நடக்காது. அதனால் சைக்கிள் ஓட்டுவதும் இயக்கத்தின் பாடமாயிற்று. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் ஒன்றாக மிதித்தார்கள். கிண்டல் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை பேர் சேர்ந்து போகும்போது யாரைப் பார்த்துக் கிண்டல் செய்வது?

அப்போது கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பவும் தொடங்கினார்கள். முன்னாலிருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் குடமோ மூட்டையோ ஏற்றலாம். புடவைக்கு இடைஞ்சல் என்று பாரை எடுத்துவிட்டுச் செய்த வண்டி எங்கள் மரியாதையைக் காப்பாற்றியது, சுமையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதை நான் அம்பத்தூரிலிருந்து எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் உறுத்துகிறது. பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். இரண்டு பெயர்களும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்தவை. காலை ஷிப்டுக்கு ஆண்கள் வரிசையாக மிதித்துப் போவதைப் பார்த்து வளர்ந்த தெருக்களில், என் வயதுப் பெண்கள் பலரும் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினார்கள். பாருக்கு மேல் கால் போட எட்டுகிற வயது வந்ததும் பெரும்பாலோருக்கு வண்டி நின்றுபோனது.

2000-க்குப் பிறகு பள்ளி மாணவிகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுத்தது பெரிய மாற்றம். முதலில் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் தம்பிக்கோ அப்பாவுக்கோ போய்விட்ட வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். படிப்புக்காகக் கொடுத்தது, படிப்பு முடிந்துவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. புதுக்கோட்டையிலும் முதல் கதவைத் திறந்தது அறிவொளிப் பணி என்ற காரணம்தான். கதவு திறந்த பிறகு பெண்கள் எங்கெங்கோ போனார்கள், அது வேறு.

1894-இல் பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி மூன்று குழந்தைகளின் தாய். அவரும் ஒரு பந்தயத்துக்காகப் போவதாகச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினார். கனமான லேடீஸ் சைக்கிளோடு புறப்பட்டவர் சிகாகோவிலேயே அதைக் கொடுத்துவிட்டு ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பு!

இப்போது நாங்கள் ஆறு பெண்கள் ஆவடியிலிருந்து பூண்டி நீர்த்தேக்கம்வரை போகத் திட்டமிடுகிறோம். ஒருவழிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். தூரத்தைப் பற்றி வீடுகளில் யாரும் கவலைப்படவில்லை. எல்லா வீட்டிலும் கேட்டது ஒரே கேள்விதான்: எதுக்கு? கோயிலுக்கு என்றால் உடனே அனுமதி கிடைத்திருக்கும். எங்களில் ஒருவர் அப்படியே சொல்லிவிடலாம் என்றார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். என் மாமியாரிடம் "சும்மாதான் அத்தை" என்றேன். "சும்மா போறதுக்கு இவ்வளவு தூரமா?" என்று கேட்டார், கோபமாக இல்லை.

சி.டி.எச். சாலையில் லாரிகள் அதிகம், அதனால் முடிந்தவரை உள்சாலைகள். ஆனாலும் ரயில் பாதையை விட்டு அதிகம் விலகப்போவதில்லை. பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். முடியாதவர் சைக்கிளை எங்காவது பூட்டிவிட்டு மின்சார ரயிலில் திரும்பிவிடலாம். வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதாத ஒன்று கழிப்பறை. அதற்காக ஒருவர் முன்கூட்டியே ரயிலில் போய் எது திறந்திருக்கிறது என்று பார்த்து வந்தார். திருவள்ளூருக்கு அப்பால் பூண்டிவரை அந்த ஏற்பாடு இன்னும் ஆகவில்லை. யாராவது வீட்டில் கேட்கத்தான் வேண்டும். வெயில் ஏறுமுன் போய்ச் சேர ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். மெதுவாக மிதிப்பவர் முன்னால், பம்பும் பஞ்சர் சாமானும் வைத்திருப்பவர் கடைசியில். ஆறில் இரண்டு ஜென்ட்ஸ் சைக்கிள்கள், ஒன்றின் பாரில் நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு சின்ன சீட்.