ஒற்றை பிளாப்பியில் அடங்கிய லினக்ஸ்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நம்மில் பலர் இரவு கண்விழித்துச் செய்த ஒரு வேலையின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. இன்டர்நெட் சரியாகக் கிடைக்காத ஊரில் இருந்துகொண்டு ஒரு சின்ன லினக்ஸ் அமைப்பைக் கட்டுகிற வேலைதான் அது.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னல் மட்டுமே. ஆரம்ப காலத்தில் இரண்டே பிளாப்பிகள்: ஒன்று கணிப்பொறியைக் கிளப்ப, மற்றொன்றில் அடிப்படைக் கட்டளைகள். 1993-ல் வந்த ஸ்லாக்வேர், பிளாப்பிகளை எழுத்து வரிசையில் பிரித்துத் தந்தது. 'ஏ' வரிசை அடிப்படைக்கு, 'என்' நெட்வொர்க்குக்கு, 'எக்ஸ்' திரைச் சன்னல்களுக்கு. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. 9,600 பிட் வேக மோடம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 எம்பி சிடி ஒன்றை இறக்க, இணைப்பு ஒரு நொடிகூட அறுந்து போகாவிட்டாலும் ஆறு நாளுக்கு மேல் ஆகும். 1.44 எம்பி பிளாப்பிக்கோ இருபது நிமிடம்! அதனால் இங்கே லினக்ஸ் பெரும்பாலும் டெலிபோன் கம்பி வழியாக வரவில்லை. 'பிசி குவெஸ்ட்' பத்திரிகையோடு சிடியாக வந்தது. பிறகு சிநேகிதர்கள் கைமாறிப் பரவியது. உபுண்டு 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாகவே சிடி அனுப்பியது.

சின்ன அமைப்புக்கு உயிர் கொடுத்தது 'பிஸிபாக்ஸ்'. டெபியனை நிறுவும் பிளாப்பிக்காக 1995-ல் புரூஸ் பெரென்ஸ் எழுதத் தொடங்கியது. கட்டளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரோகிராம் வைத்தால் பிளாப்பி தாங்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் அடக்கினார். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும்.

நெய்வேலி 1962 முதல் ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் ஊர். கரண்டுக்குக் குறையில்லை, நெட்டுக்குத்தான் பஞ்சம். 2008-ல் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது டயல்-அப். 56 கேபி என்று பெயர், பாதி வந்தால் பெரிய விஷயம். கெர்னல் மூலநிரல் சுமார் 45 எம்பி, பிஸிபாக்ஸ் 2 எம்பி. வீட்டில் இறக்கினால் ஏறக்குறைய நாலு மணி நேரம். அதனால் என்னென்ன வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, பென் டிரைவோடு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். பட்டியலில் ஒன்று விட்டுப்போனால் மறுபடியும் சைக்கிள் மிதிக்க வேண்டியதுதான்.

மற்றதெல்லாம் வீட்டில். கெர்னலில் நம் கணிப்பொறியில் இல்லாத வன்பொருளுக்கான டிரைவர்களை எல்லாம் நீக்க வேண்டும். பிஸிபாக்ஸை வேறு லைப்ரரி தேவைப்படாதபடி கம்பைல் செய்ய வேண்டும். கெர்னல் எழுந்ததும் முதலில் தேடுவது 'இனிட்' என்ற புரோகிராமை. அதற்கு நாலைந்து வரி எழுதி, எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டினால் சில எம்பியில் முழு சிஸ்டம் தயார். ஒவ்வொரு டிரைவராக நான் நீக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "சுரங்கத்துல நாங்களும் இதைத்தானேடா செய்யறோம்? மேல்மண்ணை அள்ளினாத்தான் கரி தெரியும்" என்றார். திரையில் 'நெய்வேலி' என்ற பெயரோடு கட்டளைக் கோடு வந்து நின்றபோது, அந்தக் கணிப்பொறியில் எனக்குத் தெரியாத பைல் ஒன்றுகூட இல்லை.

நோட்டில் பட்டியல் எழுதிய அதே முறையை ரித்தேஷ் ராஜ் சரஃப் என்ற இந்தியர் ஒரு மென்பொருளாகவே ஆக்கினார். பெயர் 'ஆப்ட்-ஆஃப்லைன்'. நெட் இல்லாத கணிப்பொறி தனக்கு வேண்டியதை ஒரு பைலில் எழுதித் தரும். நெட் உள்ள இடத்தில் அதைக் காட்டினால் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கித் தரும். கொண்டுவந்து போட்டால் வேலை முடிந்தது.

இன்று நெட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பிளாப்பிக்காகப் பிறந்த பிஸிபாக்ஸ் போய்விடவில்லை. நம் வீட்டு வைஃபை பெட்டிகள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. கிளவுடில் பெரிதும் பயன்படும் ஆல்பைன் லினக்ஸுக்கும் அடிப்படை அதுவே. போனது என்னவென்றால், எது எதற்காக வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதும் பழக்கம். ஒரு கட்டளை தட்டினால் நூறு பொதிகள் தானாக இறங்குகின்றன. ஏதாவது ஒன்று உடைந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேலைக்கு வரும் இளம் பொறியாளர்கள் திகைப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. ஒரு முறையாவது அடியிலிருந்து கட்டிப் பார்க்கும் அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணிப்பொறி இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். வேண்டியவற்றை ஒரே தடவையில் இறக்கிக்கொண்டு, நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிள்ளைகளை அதன் முன் உட்கார வையுங்கள். ஒரு விடுமுறை போதும்.