கைலாசமும் என் பொண்ணோட கன்னடமும்

தூத்துக்குடி - மைசூர் எக்ஸ்பிரஸ்ல மூட்டை முடிச்சோட வந்து இறங்கி ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. பேங்க்காரனுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர்ங்கறது பல்வலி மாதிரி, வரும்னு தெரியும், என்னைக்குன்னுதான் தெரியாது. எனக்குப் பழகிடுச்சு. பொண்ணுதான் பாவம். ஏழாங்கிளாஸ் முடிச்ச கையோட இங்க வந்து, கன்னடத்துல அ ஆ-விலிருந்து ஆரம்பிச்சா.

போன ஜனவரியில ஒரு நாள் பொண்ணு வந்து, "அப்பா, செண்ட்-ஆஃப் நாங்கதான் நடத்தறோம்"னா. பத்தாங்கிளாஸ் பசங்களை ஒன்பதாங்கிளாஸ் பசங்க வழியனுப்பணும், அதான் வழக்கம். இந்த வருஷம் அதுக்கு ஒரு தீம் வேற, 'பழைய மைசூர்'. பசங்களுக்கு மைசூர் பேட்டா, பொண்ணுங்களுக்குப் பட்டுப்புடவை. அமெரிக்காவுல இருக்கற என் தங்கச்சி போன்ல கேட்டுட்டு, "ஓ, பிராம் மாதிரியாண்ணா?"ன்னா. அங்க ஜோடி போட்டு ஆடுவாங்களாம். இங்க ஹெட்மாஸ்டர் பேச்சு, பிசிபேளே பாத், ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான் :-) ஆனா நடுவுல ஒரு நாடகம் உண்டு. பிரச்சனை அங்கதான் ஆரம்பிச்சது.

நாடகம் 'டொள்ளு கட்டி'. எழுதினது டி.பி.கைலாசம். நம்ம பொண்ணுக்கு அம்மா வேஷம்.

தங்கமணி பிடிச்சுக்கிட்டாங்க. "ஏங்க, இவ 'ஹ' வர்ற இடத்துல எல்லாம் 'ப' போடுவா. ஊரே சிரிக்கும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க." சிரிப்பு மட்டும் காரணம் இல்ல. 1991 டிசம்பர்ல, காவிரி நடுவர் மன்றத்தோட இடைக்காலத் தீர்ப்புக்கு அப்புறம், பெங்களூர்லயும் மைசூர்லயும் தமிழங்க வீடு, கடைன்னு தாக்கினாங்க. எங்க தெருவுல அதைக் கண்ணால பார்த்த ஒரு தமிழ்ப் பாட்டி இருக்காங்க. மார்க்கெட்டுக்குப் போனா இன்னமும் மெதுவான குரல்லதான் தமிழ் பேசுவாங்க. அந்தக் கதையெல்லாம் கேட்டுட்டு மேடையில ஏறி நம்ம உச்சரிப்பைக் காட்டச் சொன்னா எந்த அம்மாவுக்கும் யோசனையாத்தான் இருக்கும். நானும் டீச்சருக்கு லெட்டர் எழுதிட்டேன். பரீட்சைக்குப் படிக்கணும்னு ஒரு சாக்கு. பி.காம் படிச்சவனுக்கு சாக்கு எழுதறது கஷ்டமா என்ன.

கவர்ல போடறதுக்கு முன்னாடி நாடகம் எழுதினவர் பேரைப் பார்த்தேன். தியாகராஜ பரமசிவ கைலாசம். இது நம்ம பக்கத்துப் பேரா இருக்கேன்னு தேட ஆரம்பிச்சேன்.

தமிழ்க் குடும்பமேதான்! 1884-ல பிறந்தவர். அப்பா பரமசிவ ஐயர், மைசூர் சமஸ்தானத்துல ஹைகோர்ட் ஜட்ஜ். பையன் மெட்ராஸ்ல படிச்சு, நிலவியல் படிக்க லண்டன் போய், அங்க பாறையைப் பார்த்ததோட நாடகமும் நிறையப் பார்த்துட்டு 1915-ல திரும்பினார். கொஞ்ச காலம் சர்க்கார் வேலை, அப்புறம் அதையும் விட்டாச்சு. (ஜட்ஜ் வீட்டுல என்ன ரகளை நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.)

அவர் எழுத வந்த காலத்துல கன்னட மேடைன்னா ராஜா ராணி, பாட்டு, படுதா. 1880கள்ல மைசூர் அரண்மனையே ஒரு நாடக சபா வெச்சிருந்தது. பசவப்ப சாஸ்திரி அதுக்காக சாகுந்தலத்தைக் கன்னடத்துல எழுதிக் கொடுத்தார். கைலாசம் மேடைக்குக் கொண்டு வந்தது சாதாரண வீட்டுக் கூடத்தை. வக்கீல், குமாஸ்தா, மாமியார், பரீட்சைக்குப் படிக்கற பையன். அவங்க பேசினது வீட்டுல நெஜமாப் பேசற, பாதி இங்கிலீஷ் கலந்த கன்னடம். பண்டிதர்களுக்கு வயித்தெரிச்சல், ஜனங்களுக்குக் கொண்டாட்டம். எழுத உட்காரவும் மாட்டாராம். நண்பர்களைக் கூட்டி வெச்சு நடிச்சுக்கிட்டே சொல்லுவார், அவங்க எழுதிக்குவாங்க. 1945-ல கன்னட சாகித்ய சம்மேளனத்துக்கு அவரைத் தலைவர் ஆக்கினாங்க. நடந்த இடம் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ். அடுத்த வருஷமே போயிட்டார்.

'டொள்ளு கட்டி' 1910களோட கடைசியில வந்தது. டொள்ளுன்னா உள்ளே ஒண்ணும் இல்லாத பொள்ளல், கட்டின்னா நம்ம கெட்டி. ஒரு வீட்டுல ரெண்டு பையன். ஒருத்தன் புத்தகப்புழு, பரீட்சையில புலி. இன்னொருத்தன் படிப்புல மக்கு, ஆனா வீட்டுக்கு ஆபத்துன்னா ஓடி வர்றவன் அவன்தான். எவன் பொள்ளல், எவன் கெட்டிங்கறதுதான் கதை. பரீட்சையைச் சாக்கு சொல்லி இந்த நாடகத்துல நடிக்க வேண்டாம்னு லெட்டர் எழுதினவன் நான்! வெட்கமா போச்சு.

அந்தக் காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்ததுன்னும் பார்த்தேன். 1918-ல சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில பாலர் சபா ஆரம்பிச்சார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதுல வளர்ந்தவங்கதான். எம்.ஜி.ஆரும் ஒரு பாய்ஸ் கம்பெனியில இருந்து வந்தவர். வாத்தியார், பாட்டு, பூச்சு எல்லாம் கம்பெனியில கிடைச்சது. பள்ளிக்கூடம்தான் கிடைக்கல. இந்தக் கணக்குல எது லாபம், எது நஷ்டம்னு எனக்கு இன்னும் டேலி ஆகல.

இன்னொரு கதை இதைவிடப் பிடிச்சது. குவெம்பு மலைநாட்டுல இருந்து மைசூருக்குப் படிக்க வந்தவர். முதல்ல இங்கிலீஷ்லதான் கவிதை எழுதினார். ஜேம்ஸ் கசின்ஸ்ங்கற ஐரிஷ் கவிஞர்கிட்ட காட்டினப்போ, உன் பாஷையில எழுதுப்பான்னு சொல்லிட்டார். அப்புறம் அவர் கன்னடத்துல எழுதினதுல ஒண்ணு 'நன்ன கோபால'ங்கற குழந்தைகள் நாடகம். காட்டு வழியா தனியா பள்ளிக்கூடம் போக பயப்படற ஏழைப் பையன்கிட்ட அவன் அம்மா, "கோபாலனைக் கூப்பிடு, வருவான்"னு சொல்ற கதை. தென்கன்னடத்துல மஞ்சிங்கற கிராமத்துல ஒரு பையன் மூணாங்கிளாஸ்ல அந்த நாடகத்துல நடிச்சான். மேடைப் பைத்தியம் பிடிச்சு, வீட்டை விட்டு ஓடி குப்பி வீரண்ணா கம்பெனியில சேர்ந்தான். நல்ல வேளையா வீரண்ணா அவனைப் படிக்கவும் வெச்சார், பனாரஸுக்கு எம்.ஏ. வரைக்கும் அனுப்பினார். அந்தப் பையன்தான் பி.வி.காரந்த். பின்னாடி டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு இயக்குநரா இருந்துட்டு, 1989-ல மைசூர்ல ரங்காயணத்தைத் தொடங்கினார். மைசூர்ல எழுதின பிள்ளைகள் நாடகம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கடைசியில ஒரு நாடக நிறுவனமா மைசூருக்கே திரும்பி வந்திருக்கு. ரங்காயணத்துல கோடை விடுமுறையில 'சின்னர மேளா'ன்னு பிள்ளைங்களுக்கு நாடக முகாம் நடத்துவாங்க. இங்க இருக்கற நம்மாளுங்க பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம்.

லெட்டரைக் கிழிச்சுட்டேன். பொண்ணு ராத்திரி ராத்திரியா கண்ணாடி முன்னாடி நின்னு ஹாலு, ஹூவு, ஹல்லு, ஹண்ணுன்னு சொல்லிப் பார்த்தா. தங்கமணி சமையல்கட்டுல இருந்து பால், பூ, பல், பழம்னு எடுத்துக் கொடுப்பாங்க. பத்து நாள்ல எனக்கே கன்னடம் கொஞ்சம் சுத்தமாயிடுச்சு, கவுன்ட்டர்ல கஸ்டமர் ஒருத்தர் கேட்டே கேட்டார்.

செண்ட்-ஆஃப் அன்னைக்கு என் மாமியாரோட பட்டுப்புடவையில பொண்ணு மேடையில நின்னப்போ, எனக்கு ஆடிட் அன்னைக்கு அடிக்கற மாதிரி நெஞ்சு அடிச்சது. பாதி வரைக்கும் நல்லாத்தான் போச்சு. ஒரு இடத்துல அவளே சொந்தமா ஒரு வார்த்தை சேர்த்தா. 'ஹாலு'ன்னு வரணும், 'பாலு'ன்னு வந்துடுச்சு. பின்வரிசைப் பசங்க சிரிச்சாங்க. தங்கமணி என் கையைப் பிடிச்சது இன்னும் வலிக்குது. இவ ஒரு நிமிஷம் நின்னா. அப்புறம் மகன் வேஷம் போட்டவனைப் பார்த்து, அவன் சரியா கேட்டுக்காத மாதிரி அதட்டி, 'ஹாலு'ன்னு திருப்பிச் சொன்னா. இப்போ வேற மாதிரி சிரிப்பு.

முடிஞ்சதும் கன்னட டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி போய் நின்னேன். அவங்க சிரிச்சுட்டு, "அவ சொன்னது தப்பே இல்ல சார், பழைய கன்னடத்துல 'ப'தான் இருந்தது, 'ஹ' பின்னாடி வந்தது"ன்னாங்க. நாங்க பேசி முடிச்சு சாப்பிடப் போறதுக்குள்ள பிசிபேளே பாத் தீர்ந்து போச்சு.