வாசலுக்கு வெளியே

தியாகத்தைப் பற்றி நம்மிடம் அதிகம் பேசுகிறவர்கள் அதைச் செய்தவர்கள் அல்லர். கோயிலில் நந்தனைக் காட்டுகிறார்கள், தேவாலயத்தில் சிலுவையைக் காட்டுகிறார்கள். பொறுத்துக்கொள், பலன் மேலே இருக்கிறது என்பதுதான் இரண்டு இடத்திலும் நம் காதில் விழுகிறது. கடலூர் மாவட்டத்தில் இந்த இரண்டு கதைகளும் அடுத்தடுத்து வாழ்கின்றன. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. 1737இல் ஜெர்மானியப் பாதிரிமார் கடலூரில் மிஷன் தொடங்கினார்கள். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் சிதம்பரம் இருக்கிறது.

முதலில் நந்தன். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருநாளைப்போவார் என்று பெயரை மட்டுமே சொல்கிறார். தீக்குளித்த கதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விரிகிறது. ஆதனூர்ப் புலைச்சேரியில் பிறந்தவர் தில்லையின் எல்லைக்கு வருகிறார், உள்ளே போகத் தயங்கி ஊரையே சுற்றிச் சுற்றி வருகிறார். இறைவன் கனவில் வந்து, தீயில் மூழ்கி வா என்கிறான். தீட்சிதர்களின் கனவிலும் அதே கட்டளை. தெற்கு மதிலுக்கு வெளியே, வாசலுக்கு முன்னால் தீ வளர்க்கிறார்கள். உள்ளே புலையராய் இறங்கியவர் பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவராய் எழுகிறார். அதன் பிறகுதான் கைகூப்புகிறார்கள். சன்னிதிக்குப் போனவரை யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் எரிந்தது எது என்று கேட்டுப் பாருங்கள். கோயிலின் தீட்டுக் கணக்கில் ஒரு வரிகூட எரியவில்லை. எரிந்தது நந்தனின் சேரி உடம்பு. அடுத்த புலையர் வந்தால் அவருக்கும் இன்னொரு தீ வேண்டும். 1927இல் சிதம்பரம் வந்த காந்தி, தன்னையே வருத்திக்கொண்டு தடையைத் தாண்டியவர் என்று நந்தனைப் புகழ்ந்தார். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவருக்கும் காணிக்கையாக்கினார். இருவரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ஒருவர் அதில் ஒரு வழிமுறையைக் கண்டார், மற்றவர் ஒரு குற்றத்தின் சாட்சியைக் கண்டார் என்றே நாம் வாசிக்கிறோம்.

சுவாமி சகஜானந்தர் இந்த இரண்டு உலகத்தையும் அறிந்தவர். 1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து, திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாறச் சொன்னதை ஏற்கவில்லை. 1910இல் சிதம்பரம் வந்து, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனின் பெயரில் அவர் மூட்டியது அடுப்பு, விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க. தியாகம் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் கிடைத்த நல்ல உரை அதுதான்.

இப்போது வேதாகமத்துக்கு வருவோம். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பது, பத்தாம் அதிகாரங்கள் பலியைப் பற்றிய நீண்ட வாதம். ஆண்டுதோறும் ஆட்டையும் மாட்டையும் வெட்டியும் தீராத கணக்கை இயேசு ஒரே தடவையில் முடித்தார் என்பது அதன் சாரம். முடிந்தது என்றால் இனி யாரும் பலியாக வேண்டியதில்லை. பலி போதாது, நீங்களும் கொஞ்சம் பலியாகுங்கள் என்று சேரிச் சபையில் பிரசங்கிப்பவர் இந்த நிருபத்துக்கு எதிராகத்தான் பேசுகிறார். பதின்மூன்றாம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. இயேசு பாடுபட்டது நகர வாசலுக்கு வெளியே, ஆகவே நாமும் பாளயத்தைவிட்டு வெளியே அவரிடம் போவோம் என்கிறது. ஊருக்கு வெளியே எது இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தில்லையின் தீயும் கல்வாரியும் வாசலுக்கு வெளியேதான் நடந்தன. ஆனால் நற்செய்திக் கதையில் கிழிந்தது ஆலயத்தின் திரை. உயிர்த்தெழுந்தவர் பூணூலோடு வரவில்லை, ஆணித் தழும்புகளோடு வந்தார். தோமா தொட்டுப் பார்க்கக் கேட்டது அந்தக் காயத்தைத்தான். கொல்லப்பட்ட உடம்பு தன் அடையாளத்தைக் கழற்றாமலே எழுந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத நம் தோழர்களும் இந்த வேறுபாட்டை இலக்கியமாகவாவது கவனிக்க வேண்டும்.

சீர்திருத்தச் சபையார் இரட்சிப்பு என்பதைக் கத்தோலிக்கர் மீட்பு என்கிறார்கள். நமக்கு இரண்டாவது சொல் நெருக்கம். அடகு நகையை மீட்கிறோம், செங்கல் சூளையிலிருந்து கொத்தடிமைகளை மீட்டதாகச் செய்தி வாசிக்கிறோம். வேதாகமத்திலும் அந்தச் சொல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், கடனில் போன நிலத்தையும் கடனுக்கு விலைபோன உறவினரையும் மீட்பது நெருங்கிய சொந்தத்தின் கடமை. (அதே அதிகாரம் அந்நியரை நிரந்தர அடிமையாக வாங்க அனுமதிப்பதையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.) ஆன்மா மட்டும் தப்புவது மீட்பு என்ற விளக்கம், நிலம் வைத்திருந்தவர்களுக்கு வசதியாக இருந்தது.

சபை இதை எப்படிக் கடைப்பிடித்தது என்பதற்குப் புதுச்சேரி-கடலூர் உயர் மறைமாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. எறையூரில் வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே கத்தோலிக்கர். தேர்ப் பாதையிலும் சவ ஊர்வலத்திலும் காட்டப்பட்ட பாகுபாட்டைப் பொறுக்க முடியாமல் தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தார்கள். அது தவக்காலம். ஈஸ்டருக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. சாதியைக் காப்பாற்ற நடந்த கலவரத்தில் போன அந்த இரண்டு உயிர்களையும் பலிக் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அரசும் தன் பங்குக்கு ஒரு தீ வளர்த்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தனிக் கல்லறையில் புதைக்கப்படும்போது அவர் பறையர். காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கப் போனால், அவர் பட்டியல் சாதியே இல்லை.