வெளிமாநிலம் போய் வந்ததும் காய்ச்சலா? குளோரோகுயினுக்கு மலேரியா கிருமி தப்பிப்பது எப்படி?

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும், நாமக்கல், சங்ககிரி லாரிகளும் ஒடிசா, சத்தீஸ்கர் வரை ஓடுகின்றன. அங்கே மலேரியா பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்கள் உண்டு. கொசு கடித்து 1, 2 வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால், ஆள் அதற்குள் ஊருக்கே திரும்பியிருக்கலாம். அப்போது மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிப்பது ஆபத்து. ஏன் தெரியுமா?

மாத்திரை எப்படி வேலை செய்யும்?

மலேரியா ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைச் சாப்பிடும். அதில் மிஞ்சும் 'ஹீம்' ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக மாற்றி ஒதுக்கிவிடும். குளோரோகுயின் ஒட்டுண்ணியின் செரிமானப் பைக்குள் சேர்ந்து இந்த வேலையைத் தடுக்கும். விஷம் ஏறி ஒட்டுண்ணி செத்துவிடும்.

எங்கே சிக்கல்?

அந்தப் பையின் சுவரில் 'பிஎஃப்சிஆர்டி' என்ற கடத்துப் புரதம் வாசல் மாதிரி இருக்கிறது. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணியில் இந்தப் புரதம் மாறிவிட்டது. முக்கியமாக, 76-வது இடத்தில் லைசினுக்குப் பதில் திரியோனின் வந்துவிட்டது. மாறிய வாசல் வழியே மருந்து வெளியேறிவிடும். ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். இந்தப் புரதத்தின் பங்கு 2000-ல் கண்டறியப்பட்டது.

இந்தியாவில் என்ன நிலை?

குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத ஃபால்சிபாரம் 1973-ல் அசாமில் முதன்முதலில் பதிவானது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. 2010-க்குப் பிறகு, நாடு முழுவதும் ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துதான் தரப்படுகிறது.

அப்படின்னா குளோரோகுயின் வேஸ்ட்டா?

இல்லை. இன்னொரு வகையான வைவாக்ஸ் மலேரியாவுக்கு இந்தியாவில் இன்னும் அதுதான் மருந்து. கல்லீரலில் பதுங்கும் கிருமியை அழிக்க, டாக்டர் ஆலோசனைப்படி பிரைமாகுயினும் சேர்த்துத் தரப்படும்.

ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993-ல் குளோரோகுயின் பயன்பாட்டை நிறுத்தியது. சில ஆண்டுகளிலேயே, அந்த மருந்துக்குக் கட்டுப்படும் ஒட்டுண்ணிகள் அங்கே மீண்டும் பெருகின. மருந்தின் நெருக்கடி இல்லாதபோது, மாறிய வாசல் ஒட்டுண்ணிக்குப் பாரமாகிவிடுகிறது என்பதே காரணம்.

என்ன செய்யணும்?

எந்த வகை மலேரியா என்று ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஃபால்சிபாரமாக இருந்து சரியான மருந்து தாமதமானால், மூளை, சிறுநீரகம் பாதித்து உயிரே போகலாம். எனவே காய்ச்சல் வந்த உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. எந்த மாநிலத்துக்குப் போய் வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. காய்ச்சல் விட்டாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க.