வன்னியில் பல்கலைக்கழகம்: என்ன ஆராய்கிறார்கள், படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் மூன்றும் யாழ்ப்பாணத்தில் இல்லை. கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, ஏ9 வீதியோரமாக உள்ள அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா பம்பைமடுவில் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றே இருக்கிறது. ஆனாலும் இவற்றில் என்ன படிக்கலாம், படித்தபின் எந்தக் கதவு திறக்கும் என்ற தெளிவு வன்னியின் பல வீடுகளை இன்னும் எட்டவில்லை. பிள்ளை உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற முடிவு இந்தத் தெளிவில்தான் தங்கியிருக்கிறது.

விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் அ. துரைராசா. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர், பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்தவர். கேம்பிரிட்ஜில் கென்னத் ரோஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை மண்பொறியியலின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. சுமை ஏறும்போது ஈரக் களிமண் எந்தக் கட்டத்தில் மீளமுடியாதபடி உருமாறத் தொடங்குகிறது என்பதை அது கணிதமாக்கிக் காட்டியது. அணைக்கட்டு, அத்திவாரம் வடிவமைப்போர் இன்றும் பயன்படுத்தும் கணினி மாதிரிகள் பல அந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்தவை. அந்தத் தகுதியோடு உலகின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் இருந்திருக்கலாம். போர்க்கால யாழ்ப்பாணத்தில் நிருவாகம் நடத்தி 1994இல் காலமானார்.

விவசாய பீடமோ போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. வயலும் குளமும் உள்ள மண்ணுக்காகத் தொடங்கிய பீடம் நீண்ட காலம் அந்த மண்ணை விட்டுத் தள்ளியே இயங்கியது. போர் முடிந்தபின் இந்திய அரசின் நிதியுதவியில் கட்டடங்கள் எழுந்து, அது அறிவியல் நகருக்குத் திரும்பியது. பல ஆண்டுகளாகப் பேச்சளவில் இருந்த பொறியியல் பீடமும் அங்கேயே ஆரம்பமானது.

வவுனியாவின் பாதை வேறு. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். முல்லைத்தீவில் பல்கலைக்கழக பீடம் எதுவும் இல்லை. கடற்கரை நீண்டு கிடக்கும் அந்த மாவட்டத்துப் பிள்ளை கடற்றொழில் விஞ்ஞானம் படிக்க யாழ்ப்பாணம் போக வேண்டும்.

வளாகம் வன்னியில் இருப்பதால் இடமும் வன்னிப் பிள்ளைகளுக்கே என்று நினைத்துவிடக் கூடாது. அனுமதி தீவு முழுவதற்குமானது. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது நீண்டகால நடைமுறை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்த 16இல் அடங்கும். இந்த ஒதுக்கீடு வெட்டுப்புள்ளியில் உதவும். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு அது ஆசிரியரைத் தராது.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமாகி 2015இல் முதற் பரீட்சை நடந்தது. அந்தப் பிரிவு மாணவர்களுக்குரியது தொழில்நுட்ப பீடம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பொறியியல் விஞ்ஞானமாணிப் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் ஒன்றல்ல. முன்னையதற்குப் பௌதிக விஞ்ஞானப் பிரிவு தேவை. பட்டயப் பொறியியலாளராகும் நேர்வழி அதுதான், அத்தகைய பட்டங்களின் சர்வதேச அங்கீகாரம் வாஷிங்டன் உடன்படிக்கை வழியாக வருகிறது. தொழில்நுட்பவியலாளருக்கு சிட்னி உடன்படிக்கை என்ற வேறு தடம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் சபையில் பதிவும் தனித்தனி வகைகளிலேயே நடக்கிறது. தொழில்நுட்பப் பட்டம் தாழ்ந்ததல்ல. ஆனால் எந்தப் பெயரில் வேலை செய்யலாம் என்பதைப் பெற்றோர் முதல் ஆண்டிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது, வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் கட்டாயம்.

விவசாயப் பட்டதாரிக்கு இலங்கை விவசாய சேவை, மாகாணத் திணைக்களங்கள், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, விதை, உரக் கம்பனிகள், ஆசிரியத் தொழில் என்று வழிகள் உண்டு. வவுனியாவில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர் மென்பொருள் துறைக்கும், கருத்திட்ட முகாமைத்துவம் படித்தவர் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கும் போவது வழக்கம். மீள்குடியேற்ற காலத்தில் அவ்வேலைகள் நிறைய இருந்தன, உதவி நிதி குறையக் குறைந்தன. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கில் தெருவில் அமர்ந்து போராடினார்கள். 2020இல் நாடு முழுவதும் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பட்டதாரிப் பயிலுநர்கள் சேர்க்கப்பட்டார்கள். அதில் பலர் படித்த துறைக்குத் தொடர்பில்லாத அபிவிருத்தி உத்தியோகத்தர் கதிரையில் முடிந்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கடவுச்சீட்டு வரிசையில் நின்றவர்களிலும் பட்டதாரிகள் இருந்தார்கள்.

ஆய்வின் நிலை என்ன? வன்னியில் ஆராய விடயத்துக்குப் பஞ்சமில்லை. வவுனியாவின் சில பகுதிகளையும் தொட்டிருக்கும் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. கிணற்று நீர் பற்றிய ஒவ்வொரு அளவீடும் பெறுமதியானது. நெல்லில் கபில நிறத் தத்தி, எரிபந்தம், 2018இல் நாட்டுக்குள் வந்த சோளப் படைப்புழு ஆகியவை வயலோடு சேர்ந்த கேள்விகள். 2021இல் இரசாயன உரம் திடீரென நிறுத்தப்பட்டபோது எந்த மண்ணில் எவ்வளவு விளைச்சல் விழும் என்று கமக்காரர் கேட்டார்கள். பதில் சொல்லக்கூடிய ஆய்வுகூடம் சில மைல் தொலைவில் இருந்தது.

விவசாய பீடத்து மாணவர் ஒவ்வொருவரும் இறுதி ஆண்டில் ஓர் ஆய்வு செய்கிறார். அந்த அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மதிப்பெண் பெற்று, நூலகத்தில் அமர்கிறது. அதே விடயம் தமிழில் இரண்டு பக்கமாக கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகைக்குப் போனால் செலவு அதிகமில்லை. கமக்கார அமைப்புகளும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த காலபோகத்துக்கு முன் தங்கள் குளத்துக் கீழ்ப் பிரச்சினையை எழுத்தில் பீடாதிபதிக்குக் கொடுத்து, மாணவர் ஒருவருக்கு ஆய்வுத் தலைப்பாக்கும்படி கேட்கலாம்.